லூர்து மேரி வந்துபோன கித்தார்

போன வியாழக்கிழமை காலை, என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகள் ரோஸ்லின் கோலா கிளாவாங்கிலிருந்து காரோட்டிக்கொண்டு சிரம்பானில் என் வீட்டுக்கு வந்தாள். பின் இருக்கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வேலைக்காலம் முழுக்க நர்ஸாக இருந்தவள். அந்தப் பெட்டியையும் நோயாளியை இறக்குவதுபோலத் தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்துத்தான் இறக்கினாள். என் சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்துக் கொக்கிகளைத் திறந்தாள்.

கித்தார் கண்ணில் படுமுன் வாசனை வந்துவிட்டது. புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட் காயும் வாசனை, அதோடு மண்ணெண்ணெய், பழைய பலகை. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால், "உள்ள பெருச்சாளி ஏதும் செத்துக் கிடக்குதா?" என்று கேட்டிருப்பாள். ஐம்பத்தாறு வருடம் ஒரு மரத்துக்குள் ஒரு வாசனை தங்கியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. தங்கியிருந்தது. சிவப்பு வண்ணம் மங்கிப்போன மெல்லிய உடம்புக் கித்தார். ஒரு காலத்தில் அது என்னுடையது.

"மாமா, நான் ஜாஸ் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றாள் ரோஸ்லின். "சிரிக்காதீங்க. அறுபத்து நாலு வயசுல என்னா ஜாஸ்னு எம் மகளே கேக்குறா. புதுக் கம்பி போட்டேன், ஃபோன்ல பாத்துச் சுருதி சேத்தேன். ஆனா அந்தப் பழைய சத்தம் இதுல வரல. ஹாலோ ஒன்னு வாங்கட்டுமா, இல்ல இந்த செமி ஹாலோவே போதுமா?"

கித்தார் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாலோ என்றால் உள்ளே ஒன்றுமில்லை, முழுக்க வெறும் பெட்டி. ஒரு கம்பியைத் தட்டினால் சத்தம் உருண்டையாகக் கிளம்பிச் சீக்கிரமே அடங்கிவிடும். ஜாஸ் வாசிப்பவர்கள் மயங்குவது அந்த உருண்டைக்கும் அந்த அடங்கலுக்கும்தான். ஆனால் பெட்டி காலியாக இருப்பதால் பக்கத்தில் எது அதிர்ந்தாலும் அதுவும் கூடவே அதிரும், ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனால் ஊளையிடும். செமி ஹாலோவில் நட்டநடுவே, மேலிருந்து கீழ்வரை, ஒரு மரக்கட்டையை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஊளை குறையும், சத்தம் நீளும், கொஞ்சம் கூர்மையாகவும் இருக்கும். யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வீட்டில் வாசிக்க ஹாலோ, மேடைக்குச் செமி என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். நான் பெரிய வித்வான் இல்லை. இப்போதெல்லாம் என் இடது கை விரல்கள் சட்டைப் பொத்தான் போடவே அரைமணி எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்தப் பதிலையே சொல்ல வாயைத் திறந்தேன். ரோஸ்லின் மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஹாலோ வாங்கினா அந்தச் சத்தம் வருமா மாமா?" என்றாள்.

"எந்தச் சத்தம்?"

"அம்மா வர்ற சத்தம்."

பிறகு, நான் என்னவோ யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கோப்பி கலக்கச் சமையலறைக்குப் போனாள். நான் யோசிக்கவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளுடைய அப்பாவிடம் மறைத்தேன். மறைத்ததோடு நிற்கவில்லை. இன்று அவளிடம் உண்மையைச் சொல்வதா, அல்லது "ஹாலோவே வாங்கும்மா" என்று பழைய பொய்யை இன்னும் கொஞ்சம் நீட்டுவதா? கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்வரைதான் எனக்கு நேரமிருந்தது. அதற்குள் என் மனம் ஓடிய ஓட்டத்தைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று செண்டாயான் என்று புது நகரம் எழும்பியிருக்கும் பக்கத்தில் அப்போது எங்கள் தோட்டம் இருந்தது. நான் அங்கே பால் ஸ்டோரில் கிராணி. மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுவது என் வேலை. சிரம்பானில் பாதிரிமார் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், வெள்ளைக் கால்சட்டை போடுகிறவன் என்ற மிதப்பு உடம்பு முழுக்க இருந்தது. இருபத்திரண்டு வயது. இந்தச் சிவப்புக் கித்தாரைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்திருந்தேன். தோட்டத்தில் என்னைவிட நன்றாகக் கித்தார் வாசிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் மரம் வெட்டுகிறவர் என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அவர்தான் செபஸ்தியான், ரோஸ்லினின் அப்பா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் உட்கார்ந்து வாசிக்கும்போது அவரை "அண்ணே" என்பேன். ஸ்டோரில் நாலு பேர் முன்னால் வெறும் "செபஸ்தியான்". அவரும் அங்கே "கிராணியாரே" என்பார், வாசிக்கும்போது "தம்பி" என்பார். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவருடைய ஹாலோ கித்தார் வந்த கதை வேறு. பழைய துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பியபோது, துரையம்மா பங்களாச் சாமான்களை வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். செபஸ்தியானின் மனைவி லூர்து மேரி காலையில் மரம் வெட்டிவிட்டு மத்தியானம் பங்களாவில் துணி துவைப்பவள். அவளுக்குத் தையல் மெஷினைக் காட்டியிருக்கிறார். அவள் மூலையில் சாய்ந்திருந்த கித்தாரைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றிருக்கிறாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு பங்களா மேட்டிலிருந்து அவள் இறங்கி வந்ததை நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தேன். குழாயடிப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏன்டி லூர்து, தையல் மெஷின விட்டுட்டு இந்தச் சொரக்காயத் தூக்கிட்டு வர்ற?"

"ஒம் புருஷன் தைப்பாரு. எம் புருஷன் வாசிப்பாரு. வழிய விடுடி."

அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் லூர்து மேரி போய்விட்டாள். ரோஸ்லினுக்கு எட்டு வயது. செபஸ்தியான் கித்தாரைத் தொடாமல் ஆணியில் மாட்டிவைத்தார். தினமும் சுருதி மட்டும் சேர்ப்பார், மாதா கோயில் ஆர்மோனியத்தோடு ஒத்துப் பார்த்து. வாசிப்பதில்லை.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். பால் நிறுக்கும் வரிசையில் எப்போதும் கடைசியாக வருகிறவர் முதல் ஆளாக வர ஆரம்பித்தார். "கிராணியாரே, எம் பாலக் கொஞ்சம் முதல்ல நிறுத்திடுங்க லா" என்பார். நிறுத்ததும் வாளிகளைக் கழுவக்கூட நிற்காமல், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைப் பார்த்து ஓடுவார். வரிசையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். வேறு பெண்ணோ என்று நானும் நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தம்பி, சிரிக்கமாட்டீங்கன்னா சொல்றேன்" என்றார். "லூர்து வர்றா. பதினோரு மணிக்கு. உசிரோட இருந்தப்ப பால ஊத்திட்டு எப்ப வீட்டுக்கு வருவாளோ அதே நேரம். வந்து கித்தாரத் தொடுறா."

லயத்தில் வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் பூசாரியைக் கூட்டிவந்து சேவல் அறுத்திருப்பார்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அந்த அறையை இன்றும் என்னால் வரைந்துகாட்ட முடியும். பலகைச் சுவரில் திரு இருதயப் படம், பக்கத்தில் ஆணியில் கித்தார். செபஸ்தியான் முகம் கழுவி, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தரையில் இரண்டு கோப்பைகளில் கோப்பி ஊற்றி வைத்திருந்தது. ஒன்று எனக்கு என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். கையை இழுத்துக்கொண்டேன். வெளியே நல்ல வெயில். பள்ளி இடைவேளைக்கு வந்த ரோஸ்லின் வாசலில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

முதலில் என் பல்லில்தான் உணர்ந்தேன். பிறகு காதில். யாரும் தொடாத கித்தாரின் உள்ளிருந்து, மூடிய வாயால் யாரோ ராகம் இழுப்பதுபோல ஒரு சத்தம் மெல்லக் கிளம்பி நின்றது. ஐந்தாம் கம்பி அதிர்ந்து, இரண்டு கம்பிபோலக் கலங்கித் தெரிந்தது.

"அம்மா வந்துட்டாங்க" என்றாள் ரோஸ்லின். பக்கத்து வீட்டுக்காரி வந்ததைச் சொல்லும் குரலில் சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள்.

நான் எழுந்துபோய் ஐந்தாம் கம்பிமேல் விரலை வைத்தேன். சத்தம் நின்றது. "கைய எடு!" என்று செபஸ்தியான் கத்தினார். என்னிடம் அவர் குரல் உயர்த்தியதும், ஒருமையில் பேசியதும் அந்த ஒரு தடவைதான். எடுத்தேன். சத்தம் மறுபடி வந்தது. ஐந்தாறு நிமிடத்தில் தானாக அடங்கியது. செபஸ்தியான் ஆறிப்போன இரண்டாவது கோப்பையை எடுத்து, அதை வாசலில் ஊற்றிவிட்டு, "அவ்வளவுதான். அவளுக்கு வேல கெடக்கும்" என்றார்.

அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை.

ஆனால் நான் கணக்குப் பார்த்து எழுதுகிற ஆள். "தினமும் வர்றாங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம வரமாட்டா, கோயிலுக்குப் போயிருப்பா. மழை பேஞ்சாலும் வரமாட்டா, அவளுக்கு மழையில நனைஞ்சா ஒத்துக்காது" என்றார். அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஸ்டோருக்குத் திரும்பும் வழியில், பாதித் தூரத்தில், எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டு இல்லை. மழை நாளிலும் இல்லை. பால் வெட்டு இல்லாத நாளில் ஸ்டோர் எஞ்சின் ஓடாது.

லூர்து மேரி செத்த மாதம்தான் ஸ்டோரில் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். பால் நிறுத்து முடித்ததும், முந்திய வெட்டில் எடுத்து உறைய வைத்த பால்கட்டியை ரோலரில் விட்டு ஷீட்டாக்க அந்த எஞ்சினைக் கிளப்புவோம். பதினோரு மணிக்கு. ஐந்தாறு நிமிடம் சும்மா ஓடவிட்டுச் சூடேறியதும் ரோலரைப் பூட்டுவார்கள். பூட்டியதும் எஞ்சின் குரல் மாறிவிடும். அந்த ஐந்தாறு நிமிட அதிர்வு மண்ணுக்குள் போய், லயத்துக் கால்களில் ஏறி, பலகைச் சுவர் வழியாக ஆணிக்கு வந்து, காலிப் பெட்டிக்குள் புகுந்து ஐந்தாம் கம்பியைப் பேச வைத்தது. எஞ்சின் சத்தத்தைத் தோட்டத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை, அது காற்று மாதிரி இருந்துகொண்டே இருக்கும். "போடலாம்" என்று தினமும் கையைத் தூக்கி எஞ்சின்காரருக்குச் சைகை காட்டுகிறவன் நான். நான் இல்லாத நாளில் மட்டும் வேறொருவர் காட்டுவார்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சொல்லாததற்கு முதலில் இரக்கம்தான் காரணம் என்று நீங்கள் நம்பினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அது உண்மையும்கூட. தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் இரக்கம் என்னிடம் நாலைந்து மாதம்தான் தங்கியது.

சி ரூசா பக்கம் கடலோரத்தில் ஒரு விடுதி. அங்கே சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைக்காரர்களுக்கு ஜாஸ் வாசிக்க ஆள் தேடினார்கள். பியானோக்காரர் மலாக்காவிலிருந்து வந்த ஒரு கிழவர். என் சிவப்புக் கித்தாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கை பரவாயில்லை, ஆனால் சத்தம் கத்திபோல வெட்டுகிறது, எனக்கு உருண்டையாக வேண்டும் என்றார். நான் செபஸ்தியானிடம் போய் நின்றேன். சனிக்கிழமை மத்தியானம் எடுத்துப்போய்த் திங்கள் பதினோரு மணிக்குமுன் ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டில் தந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் வருவதில்லையே.

அந்தக் கித்தாரில் முதல் முறை வாசித்தபோது பியானோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் எதையும் செய்வேன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு திங்கட்கிழமை டயர் பஞ்சராகிப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. செபஸ்தியான் வெறும் ஆணியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "வந்து பாத்துட்டுப் போயிட்டா" என்றார். கோபமில்லை. அவர் பக்கத்தில் தரையில் இரண்டாவது கோப்பை காலியாக இருந்தது. ரோஸ்லின் குடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று அவள் இடைவேளைக்கு வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

பிறகு விடுதியில் வாரம் முழுக்க வாசிக்கச் சொன்னார்கள். தங்க இடமும் கொடுத்தார்கள். கிராணி வேலையை விட்டுவிடலாம். ஆனால் ஹாலோ கித்தாரோடுதான் வர வேண்டும்.

கல்லறைத் திருநாள் வந்தது. கத்தோலிக்கர்கள் தங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். ரப்பர் மரங்களுக்கிடையே எங்கள் தோட்டத்துக் கல்லறைகளில் சாயங்காலம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. லூர்து மேரியின் சிலுவையருகே நானும் போய்க் குந்தினேன். நான் இந்து. ஆனால் பாதிரிமார் பள்ளியில் ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்து முதல் பரிசு வாங்கியவன். மோட்சம் போகுமுன் ஆத்துமாக்கள் பாவம் கழிக்கிற இடத்தை அதில் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள். படித்த படிப்பை அன்றைக்குப் பயன்படுத்தினேன்.

"அண்ணே, உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கிற ஆத்துமா மேல போகணும்னா, இங்க அதப் பிடிச்சு வெச்சிருக்கக் கூடாது. நீங்க ஒரு பெட்டிக்குள்ள வெச்சிருக்கீங்க."

"அவளாத்தானே தம்பி வர்றா?"

"வழி தெரியாம வர்றாங்க."

இந்தப் பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்து வாயில் நின்றது. செபஸ்தியான் விரலில் சொட்டிய மெழுகை உரித்து எடுத்தார்.

"அப்ப என்னா பண்ணணும்?"

"நான் எடுத்துட்டுப் போயிடுறேன். ஆணி வெறுமையா இருந்தா உங்களுக்கு மனசு கேக்காது. என்னோடத மாட்டிக்குங்க. உள்ள கட்ட வெச்சு அடைச்சிருக்கு அண்ணே. அதுல யாரும் வரமுடியாது."

மறுநாள் காலையில் மாற்றிக்கொண்டோம். ஹாலோவை என் முதுகில் அவரே கட்டிவிட்டார், கயிறு உறுத்துகிறதா என்று இரண்டு தரம் கேட்டார். நான் மோட்டாரைக் கிளப்பும்போது ரோஸ்லின் ஓடிவந்து ஹாண்டலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவ எங்க கொண்டுபோறீங்க?"

"கடல் பாக்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

விடுதியில் எனக்குக் கொடுத்த அறையில் கித்தாரைச் சுவரில் மாட்டினேன். முதல் நாள் காலை பதினோரு மணிக்கு அது பாடியது. அதே ஐந்தாம் கம்பி. நான் படித்தவன், பயப்படவில்லை. தேடிப் பார்த்தேன். கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர் பம்ப். அறை பெருக்குகிற நேரத்துக்கு அதைப் போடுகிறார்கள். சரி என்று அறையை மாற்றிக்கொண்டேன். புது அறையிலும் பாடியது. தேடினேன். சலவைக்கூட மெஷின். வேறு ஊரில் வாசிக்கப்போய் ஒரு வாரம் தங்கியபோது, சாலை போடும் இயந்திரம். ஒருமுறைகூட நான் காரணம் கண்டுபிடிக்காமல் திரும்பியதில்லை. எங்கே போனாலும் ஓர் எஞ்சின் இருந்தது. எங்கே போனாலும் அதைப் பதினோரு மணிக்குத்தான் போட்டார்கள். இரண்டாவது வருடம் கப்பலேறவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கித்தாரைத் தள்ளிவிட்டேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஆசிரியர் பயிற்சி, பள்ளிக்கூடம், கல்யாணம், ஓய்வு. செபஸ்தியான் தோட்டத்தைவிட்டு மகளோடு கோலா கிளாவாங் போனதும், அங்கேயே இறந்ததும் எனக்குச் செய்திகளாகத்தான் வந்தன. சாவுக்குப் போனேன், ஓரமாக நின்றேன், திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து ரோஸ்லின் வருடத்துக்கு ஒருமுறை வந்து என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அவள் கோப்பியோடு வந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"அப்பா கடைசி வரைக்கும் இத ஆணியிலதான் மாட்டி வெச்சிருந்தாரு மாமா. தினம் பதினோரு மணிக்குப் போய்க் காத வெச்சுக் கேப்பாரு. ஒன்னும் கேக்காது. 'ஒங்கம்மா கோவிச்சுக்கிட்டா, வீட்டுக்கு வந்தவள நாந்தான் தொரத்திவிட்டேன்'னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறப்பக்கூட அதையேதான் சொன்னாரு. அதான், ஒரு ஹாலோ வாங்கி அந்த ஆணியில மாட்டிப் பாப்போம்னு. ஜாஸெல்லாம் சும்மா. நீங்க திட்டுவீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்."

முப்பது வருடம் மனிதர் அந்தக் கட்டையில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அடைத்துக் கொடுத்த கட்டை.

சொல்லிவிட்டேன். எஞ்சின், ஞாயிற்றுக்கிழமை, மழை, நான் காட்டிய சைகை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் பேசியது, எதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல் வரிசையாகச் சொன்னேன், வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப அம்மா வந்ததே இல்லையா மாமா?"

"இல்லம்மா."

"நீங்க கையத் தூக்கினா வருவாங்க. அப்படித்தானே?"

அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவளுடைய அம்மாவை முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டேன் என்று தோன்றியது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? உண்மையைச் சொல்ல ஒரு காலம் இருக்கிறது போலும். அது எனக்கு இருபத்திரண்டு வயதில் வந்து போய்விட்டது.

ரோஸ்லின் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சினா இருந்தா இப்படியா கேக்கும்?" என்றாள். வாயை மூடியபடி ஒரு சுரத்தை இழுத்தாள். மெல்லியதாக, நடுக்கமில்லாமல், மூச்சு தீரும்வரை.

அது நான் கேட்ட சத்தம் இல்லை. நான் கேட்டது தாழ்ந்த சத்தம். எழுந்துபோய் மேசையில் கிடந்த கித்தாரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஐந்தாம் கம்பியில் அது இல்லை. மற்ற எந்தக் கம்பியிலும் இல்லை. சுருதியில் எல்லாவற்றிலும் மேலான முதல் கம்பியைவிடவும் கொஞ்சம் மேலே இருந்தது. கம்பி தளர்ந்தால் சுரம் இறங்கும், ஏறாது. அவளை இன்னொரு தடவை இழுக்கச் சொன்னேன். இழுத்தாள், இம்மியும் மாறவில்லை. என் பொத்தான் போட வராத விரலை முதல் கம்பியில், முதல் கட்டத்தில் வைத்து அழுத்தித் தட்டினேன். அதுதான். ஆணியில் தொங்குகிற கித்தாரிலிருந்து அந்தச் சுரம் தானாக வராது. யாராவது ஒருவர் அங்கே விரல் வைக்க வேண்டும்.

எட்டு வயதுக் குழந்தையின் ஞாபகம் என்று சொல்லலாம். ஐம்பத்தாறு வருடத்தில் ஒரு சத்தம் மனதுக்குள் ஏறியும் இறங்கியும் போகும் என்று சொல்லலாம். என் கை குளிர்ந்துபோயிருந்தது. நர்ஸ் அல்லவா, அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

"சரி, இப்பச் சொல்லுங்க. எதத்தான் வாங்கட்டும்?"

எது உண்மை என்று யாரிடம் போய்க் கேட்பது? அந்த எஞ்சினை உடைத்துப் பழைய இரும்பாக ஏற்றிப் போய்விட்டார்கள். ஸ்டோர் இருந்த மேட்டைச் சமப்படுத்தி, ஒன்றுபோல் ஒன்றாக வீடுகள் கட்டியிருக்கிறார்கள். லயம் இருந்த இடம் எது என்று போன வருடம் போய்த் தேடியபோது என்னால் திசைகூடச் சொல்ல முடியவில்லை. கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றியபோது லூர்து மேரியின் சிலுவை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கித்தார் எந்தக் கடலைத் தாண்டி எந்தச் சுவரில் தொங்குகிறதோ. செபஸ்தியான் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில் மிச்சம் இந்த மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான். இரண்டு பேரும் கேட்டது ஒன்று இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.